நனையக் கூடாத டிரம்

எங்கள் வட்டாரத்து மெல்லிசைக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். நானும் எழுத வேண்டும் என்று கேட்டு ஒரு தம்பி வந்திருந்தார். 'ராக் டிரம்மர் சுப்புராசுவின் பொற்காலம்' என்று தலைப்பையும் அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதற்குக் கீழே இருக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

தம்பி நல்லவர். மின்சாரப் பலகையில் விரலால் தட்டியே தவில் முதல் இடி வரைக்கும் எல்லாச் சத்தத்தையும் கொண்டுவந்துவிடுவார். அவருடைய வாத்தியம் ஒரு சூட்கேஸுக்குள் அடங்கிவிடும். மழை வந்தால் மூடிக்கொண்டு ஓடிவிடலாம். எனக்கு ஒரு நாள் அந்த வசதி இல்லாமல் போனது. எழுதச் சொன்னால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது, பொற்காலம் வரவில்லை.

நான் வாசித்தது எழுபதுகளின் பிற்பாதியிலும் எண்பதுகளிலும். அத்தனை வருஷமும் பயந்துகொண்டேதான் வாசித்தேன். மேடைப் பலகை உடைந்துவிடுமோ, காலில் மிதிக்கிற பெடல் கழன்றுவிடுமோ, குச்சி கை நழுவி முன்வரிசையில் இருக்கிற பஞ்சாயத்துத் தலைவர் மேல் விழுமோ. இதில் மூன்றாவது ஒரு முறை நடந்தேவிட்டது. தலைவர் அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு, குச்சியைக் கையில் பிடித்தபடியே கடைசி வரை உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மிச்ச நிகழ்ச்சியை ஒரு குச்சியும் ஒரு சாம்பார்க் கரண்டியுமாக ஓட்டினேன்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பெஞ்சில் தட்டியதற்கு வாத்தியார் அடித்தார். அவர் அடித்ததிலும் தாளம் சரியாக இருந்தது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அதற்கு அப்பா அடித்தார். பிறகு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மூன்று வருஷம். மருந்தில் முக்கியெடுத்த குச்சிச் சட்டங்களை வெளியே காயப்போட வேண்டும். மேகம் கண்டால் உள்ளே இழுக்க வேண்டும். எங்கள் கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்துப் பயப்படுகிற வேலை அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறவர்கள்.

காலிச் சட்டங்களில் நான் தட்டிக்கொண்டிருந்ததை, ரோட்டில் போன தேவசகாயம் மாஸ்டர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். அடுத்த வாரம் நான் அவருடைய இசைக்குழுவில் இருந்தேன். ஆறு மாதம் முக்கோணக் கம்பி, ஒரு வருஷம் பாங்கோஸ், அப்புறம் டிரம்ஸ். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கார்டியன் வாசிப்பார். பிழைப்புக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். மாணவர்கள் போன பிறகு அங்கேதான் எங்களுக்கு ஒத்திகை. உறை போட்டு மூடிய பன்னிரண்டு மிஷின்கள் வரிசையாக உட்கார்ந்து எங்களைக் கேட்கும். மாஸ்டருக்குச் சங்கீதமும் டைப்ரைட்டிங்கும் ஒரே பாடம்தான்.

"ஏலே சுப்புராசு, அங்கன தப்பா அடிச்சா ரப்பர் வச்சு அழிச்சிரலாம். இங்கன அடிச்சா எத வச்சுலே அழிப்ப?" என்பார்.

மேடையில் அவர் யாரையும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் தேவலை. யாராவது தவறு செய்தால் வாசிப்பதை நிறுத்தாமலே ஒரு கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டைப் பையிலிருந்து தொங்கும் கைக்குட்டையில் துடைப்பார், மறுபடி மாட்டுவார். ஒரு தவறுக்கு ஒரு துடைப்பு. ஒரு கல்யாண வரவேற்பில் அந்தக் கண்ணாடி மூக்கில் இருந்த நேரத்தைவிடக் கைக்குட்டையில் இருந்த நேரம்தான் அதிகம். பெண் வீட்டார் அவருக்குக் கண்வலி என்று நினைத்துப் பன்னீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டார். பன்னீர் வரக் காரணமான தவறெல்லாம் என்னுடையது.

"டிரம்ஸ் அடிக்கிறவன் இருக்கிறதே ஒருத்தனுக்கும் தெரியக் கூடாதுலே. அவன் நிறுத்தினாத்தான் தெரியணும்." இது மாஸ்டருடைய கொள்கை.

கிதார் வாசித்த பால்பாண்டிக்கு இந்தக் கொள்கை ஆகாது. ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், ஒருவன் மேடையில் கிதாரைத் தரையில் அறைந்து உடைக்கிற படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவன் ரிச்சி ஆகிவிட்டான். தோள் வரைக்கும் முடி. பேண்டின் அடிப்பாகத்தில் ஆள் ஒளியலாம். மழை பெய்த கரிசலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் காலுக்கு இரண்டு கிலோ மண் கூட வரும். கிதாரை உடைக்க அவனுக்கு ஆசைதான். ஆனால் அது தாய்மாமன் கொடுத்தது, மாமன் மகளைத்தான் அவன் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கிதாரைத் தலைக்கு மேல் ஓங்குவான். கூட்டம் 'ஓ' என்று கத்தும். பிறகு பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பெட்டிக்குள் இறக்கி வைப்பான்.

நோட்டீஸில் என்னை 'ராக் டிரம்மர்' என்று போட்டவன் அவன்தான். ராக் என்றால் எப்படி அடிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"வேகமா அடிக்கணும்ண்ணே. கோவமா அடிக்கணும்."

வேகம் வரும். கோபத்துக்கு நான் எங்கே போவேன்? எனக்கு வருவது பயம் ஒன்றுதான். ஆனால் பயத்தில் அடித்தாலும் கோபத்தில் அடித்தாலும் கீழே நிற்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். என் ராக் புகழ் முழுவதும் அந்த அறியாமையின் மேல் கட்டியதுதான்.

இனி அந்த டிரம்.

தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் ஆடிப் பாடிய ஒரு பழைய கிளப்பை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாஸ்டர் அங்கே இருந்த பியானோவைப் பார்க்கப் போனார். கூட நானும் போனேன். பியானோவைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அதற்குப் பின்னால், உப்புச் சாக்குகளுக்கு அடியில் அது கிடந்தது. வண்டிச் சக்கரம் உயரத்துக்கு, காலால் மிதித்து அடிக்கிற ஒரு பேஸ் டிரம், பித்தளை உடம்போடு ஒரு ஸ்நேர் டிரம், குடம் மாதிரி ஒரு சின்ன டிரம். எல்லாம் கன்றுத்தோல். பேஸ் டிரம்மின் முன்தோலில் ஒரு ஓவியம் வரைந்திருந்தது. பனிமலை, கீழே ஏரி, ஏரியில் ஆளில்லாத ஒரு படகு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு பல்பு மாட்டுகிற ஹோல்டர். விளக்கைப் போட்டால் ஏரி மினுங்குமாம். கடலைத் தவிர அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்தது அந்தத் தோலில்தான்.

"வேண்டாம்லே," என்றார் மாஸ்டர். "இது நம்ம ரெண்டு பேருக்கும் மூத்தது. தோலு வேற. சீக்காளிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும் பாத்துக்க."

நான் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். பிளாஸ்டிக் தோல் போட்ட டிரம் 'டம்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இது 'தும்ம்' என்று சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று கொஞ்ச நேரம் யோசித்தது. என் சுபாவத்துக்கு அப்படி ஒரு வாத்தியம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பஸ் மேலே ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார்: "உள்ள என்னவே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. காத்துதான்."

"காத்துக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

கன்றுத்தோலை வைத்துக்கொள்வது சும்மா இல்லை. ஆடி மாதம் எங்கள் ஊரில் மேல்காற்று அடித்தால் தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிடும், ஒரு அடியில் கிழியும். அப்போது ஈரத்துணியால் ஓரத்தை மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். கார்த்திகையில் துவண்டுவிடும், அப்போது உள்ளே பல்பைப் போட்டு மூன்று மணி நேரம் சூடு காட்ட வேண்டும். அந்தப் பல்பு அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, தோல் காய வைத்தது என்பது எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ் மூளையால் புரிந்தது. திருகுகளை வரிசையாக முறுக்கக் கூடாது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது, அப்புறம் குறுக்கே. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் இரண்டு விரல் தள்ளித் தட்டிக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே குரல் வந்தால் சரி. நிகழ்ச்சி முடிந்ததும் அதே வரிசையில் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் விடிவதற்குள் தோல் தன்னைத் தானே இழுத்துக் கிழித்துக்கொள்ளும். கவலைப்படுகிற எல்லோருக்கும் அந்தக் குணம் உண்டு.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. என் மனைவி பேச்சியம்மாள் யார் வந்தாலும் கணக்குச் சொல்லுவாள்: "நாங்க ரெண்டு பேரும் பாயில. அவிய கட்டில்ல." 'அவிய' என்று மரியாதையோடு சொன்னது டிரம்மை.

"எனக்குக் காய்ச்ச வந்தா ஒரு சுக்கத் தட்டிப் போட்டுக் குடின்னு சொல்லுதீங்க. அவியளுக்கு மேகம் கண்டாலே லைட்டுப் போட்டு விடுதீங்க."

நான் திருகுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. ஆறாம் வருஷம் மழை இல்லை. புரட்டாசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் புழுதியிலேயே பருத்தியையும் கம்பையும் விதைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். விதை மண்ணுக்குள் கிடக்கும். மழை விழுந்தால் முளைக்கும், இல்லாவிட்டால் எறும்புக்கு. ஐப்பசியில் அந்தப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோவில் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சுற்றுப்பட்டி ஆட்கள் கடைசி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் பகல் மூன்று மணிக்கே கச்சேரி.

விழா பொறுப்பாளி ரெங்கசாமி என்ற பெரியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், ஊரில் பாதி நிலம் அவர்களுடையது. நான் டிரம்மை இறக்கி வைத்ததும் வந்து சுற்றிப் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிற பார்வை. தோலைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"கன்னுக்குட்டித் தோலுல்லா இது. செத்து எத்தன வருசம் இருக்கும்?"

"அம்பது இருக்கும் அய்யா."

"அம்பது வருசமா கத்திக்கிட்டு இருக்கா? பரவால்ல."

கச்சேரி ஆரம்பித்து அரை மணி நேரத்தில் கிழக்கே கறுப்பாக ஒரு கோடு பார்த்தேன். பாட்டுக்கு இடையில் மாஸ்டர் பக்கம் குனிந்து, "மாஸ்டர், மேகம்" என்றேன்.

"ஏலே, இந்த ஊர்ல போய் அந்த வார்த்தையச் சத்தமாச் சொல்லாத. உன்னக் கட்டிப் பிடிச்சு அழுதிருவாங்க."

ரிச்சி வெகு நாளாகக் கெஞ்சி மாஸ்டரிடம் ஒரு அனுமதி வாங்கியிருந்தான். ஐந்து நிமிஷம் மற்ற எல்லோரும் நிறுத்திக்கொள்ள, நான் மட்டும் தனியாக அடிக்க வேண்டும். ராக் என்றால் அது கட்டாயம் உண்டாம். அன்றைக்குத்தான் முதல் முறை. ரிச்சி மைக்கில் ஏதோ இங்கிலீஷில் கூவினான், நான் ஆரம்பித்தேன். மாஸ்டர் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் வானத்தையும் பார்க்கவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் ஸ்நேரின் தோல் மேல் ஒரு காலணா அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. என் வேர்வை என்று நினைத்தேன். அடுத்தது விழுந்தபோது வேர்வை அவ்வளவு சத்தம் போடாது என்று புரிந்தது.

மைக்செட்காரர்தான் முதலில் ஓடினார். வயரைப் பிடுங்கினார். கிதாரும் பாட்டும் அத்தோடு போச்சு. நான் கையை நிறுத்தி, தார்ப்பாய்க்குக் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ரெங்கசாமி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். "வான வச்சே! வான வச்சே!" என்று கூவிக்கொண்டு வந்தார். மழை வந்துவிட்டது என்பதை யாரும் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நிறுத்தாதீங்க தம்பி! கை நிக்கக் கூடாது!"

"அய்யா, தோலு நனைஞ்சிரும்..."

"அட நனையட்டும்யா! அடியும்!"

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காத்திருந்த முதல் மழை இறங்கும்போது யார் கையில் எந்த வேலை இருக்கிறதோ அதைப் பாதியில் விடக் கூடாது. தண்ணீர் இறைக்கிறவர் இறைக்க வேண்டும், குத்துகிறவர் குத்த வேண்டும். விட்டால் வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். பெரியவர் கையோடு சாட்சியும் வைத்திருந்தார்.

"மூணு வருசத்துக்கு முந்தி எங்க மருமக உரல்ல கம்பு குத்திக்கிட்டு இருந்தா. தூத்தல் விழுந்துச்சு. உலக்கைய வச்சுட்டு, காயப்போட்ட வத்தல எடுக்க ஓடினா. அன்னைக்குப் போன மழ அந்த வருசமே திரும்பல. மாமியாக்காரி இன்னைக்கு வரைக்கும் அவகிட்டப் பேசல!"

கீழே பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள். ஆண்கள் மேல்துண்டைக் கழற்றிக்கொண்டு நனைந்தார்கள். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைக் காப்பாற்றுவார் என்று நம்பினேன். அவர் வானத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக என் டிரம்மைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடிலே."

"மாஸ்டர், இது கிழிஞ்சா வேற கிடைக்காது."

"அது எனக்கும் தெரியும். இவிய முகத்தப் பாரு. பாத்துட்டு நிறுத்த முடியும்னா நிறுத்து."

பார்த்தேன். முடியவில்லை. எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். நிஜத்தில் வந்தது பயம்.

அடித்தேன். அக்கார்டியன் போர்வையில் சுற்றி எதிரே இருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவுக்குப் போனது. கிதார் போனது, ரிச்சி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனான். மைக்செட்காரரின் குழாய்கள் போயின. எல்லா வாத்தியத்துக்கும் மின்சாரமோ மரியாதையோ தேவைப்பட்டது. இரண்டும் இல்லாமல் மேடையில் மிச்சம் இருந்தது நான். வராந்தாவில் அவர்களுக்குச் சுண்டல் கொடுத்தார்கள். அவர்கள் சாப்பிடுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒருவர் குடையோடு ஓடிவந்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

"எனக்கு வேண்டாம்யா, டிரம்முக்குப் பிடிங்க!"

"கொட்டுக்குப் பிடிச்சா மழைக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று சொல்லி என் தலையை மட்டும் காய வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தன் காட்டு ஞாபகம் வந்துவிட்டது. குடையோடு போய்விட்டார்.

முதலில் ஸ்நேர் போனது. 'டர்ர்' என்றிருந்தது 'தொப்' என்றானது, பிறகு ஈரச்சாக்கை அடிக்கிற சத்தம். சின்ன டிரம் இன்னும் பத்து நிமிஷம் தாங்கியது. பேஸ் டிரம் மட்டும் ஒவ்வொரு மிதிக்கும் குரல் இறங்கி இறங்கி, வயதான ஆள் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் மிதித்தேன். ஒரு மிதியில் கால் போனது, திரும்பி வரவில்லை. பெடலின் தலை என் பக்கத்துத் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் நின்றுவிட்டது.

அப்போதும் நான் நிறுத்தவில்லை. மர வளையத்தில் அடித்தேன், ஸ்நேரின் பித்தளை விளிம்பில் அடித்தேன், சிம்பல் தட்டில் அடித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்ததால் எதிரே எதுவும் தெரியவில்லை. ஒரு தடவை தோளில் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஒருவரும் இல்லை.

குலவை போட்டவர்கள் இல்லை, ஆடியவர்கள் இல்லை, ரெங்கசாமியும் இல்லை. மொத்த ஊரும் வரப்பு உடைகிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கக் காட்டுக்கு ஓடிவிட்டது. நேர்த்திக்கடனுக்குக் கட்டியிருந்த ஒரு கிடா மட்டும் மேடையோரம் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிடலாம்தான். ஆனால் நான் நிறுத்துகிற நொடியில் மழையும் நின்றுவிட்டால்? அந்த மருமகளோடு பேசாதது ஒரு மாமியார்தான். என்னோடு ஒரு ஊரே பேசாது. போகிற போக்கில் யாராவது 'போதும்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் காலி நாற்காலிகளுக்கும் ஒரு கிடாவுக்குமாக இன்னும் முக்கால் மணி நேரம் அடித்தேன்.

கடைசியில் மாஸ்டர்தான் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"ஏலே, யாருக்குலே அடிக்க?"

"நிறுத்தட்டுமா மாஸ்டர்?"

"ஊர்ல ஓடையில தண்ணி ஓடுது. இனி நீ என்ன, சாமியே நிறுத்தினாலும் நிக்காது. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி."

பேஸ் டிரம்மைக் கவிழ்த்தபோது ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. ரிச்சி கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் பரவசமாகச் சொன்னான்: "அண்ணே, இதாண்ணே ராக்கு! வெளிநாட்டுல எல்லாம் கடேசில உடைச்சிருவாங்க!"

வாழ்க்கையில் முதல் முறையாக அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அடிப்பதற்கு வாத்தியம் இல்லை.

மற்ற இரண்டும் பல்புச் சூட்டில் பிழைத்துக்கொண்டன. பேஸ் டிரம் ஊமையாகிவிட்டது. மதுரைக்கும் மெட்ராஸுக்கும் கடிதம் எழுதினேன். அந்த அளவில் தோலும் கிடையாது, பிளாஸ்டிக்கும் கிடையாது, புது செட் வாங்கிக்கொள்ளவும் என்று பதில் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு டிரம்மை இரவல் வாங்கி வாசித்தேன். அது தகரம் தகரமாகப் பேசியது. நான் தவறு செய்தாலும் மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மாசி பிறந்த வாரம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சாக்கில் சுற்றிய ஒரு சுருளைக் கையில் திணித்தார்.

"ரெங்கசாமி அய்யா குடுத்துவிட்டாரு. கெடுத்தது நாங்கன்னு சொல்லச் சொன்னாரு. பஸ்ஸு முழுக்க நாத்தம்வே. சீக்கிரம் கொண்டு போரும்."

அவர் வீட்டுக் கன்று ஒன்று நோயில் செத்திருக்கிறது. தோலை ஊரிலேயே பதம் பண்ணி, முடி சிரைத்து அனுப்பியிருந்தார். ஒரு பகல் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பிறகு மர வளையத்தின் மேல் விரித்து, ஓரத்தை மடக்கி, கரண்டிக் காம்பால் வளையத்துக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகினேன். இழுத்தால் சுருக்கம் விழும், விட்டால் தொங்கும். நிழலில் மூன்று நாள் காய வேண்டும்.

"செத்த கன்ன நடுவீட்டுல போட்டு வச்சிருக்கீங்க," என்றாள் பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "இனி பாயும் நமக்கு இல்ல போல." சொல்லிவிட்டு, எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் மஞ்சள்தூள் தூவியதும் அவள்தான்.

நான்காம் நாள் டிரம்மில் பூட்டினேன். எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்று. விரலால் மட்டும் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே குரல். ஆனால் பெடலை மாட்டி முழுதாக ஒரு அடி அடிக்கத் தைரியம் வரவில்லை. கிழிந்தால்? ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமியே வீட்டுக்கு வந்துவிட்டார். விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பேச்சியம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கிற வரை டிரம் பக்கம் திரும்பவில்லை. பிறகு எழுந்து வந்து தோலைத் தடவினார். ஓரத்தில் சிரைக்காமல் விட்டுப்போன செம்பட்டை முடி ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. அதில் விரலை வைத்தார்.

"செவலையேதான்," என்றார். அப்புறம், "ஒரு அடி அடிங்க தம்பி. அது சத்தத்தக் கேட்டுட்டுப் போயிருதேன்."

இனித் தள்ளிப் போட முடியாது. பெடலை மாட்டினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் அடுப்பை விட்டு வந்து நின்றாள். நான் காலைத் தூக்கினேன்.

ரெங்கசாமி என்ன நினைத்தாரோ, வாசலுக்குப் போய் வெளியே வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். தெற்கே துண்டு அகலத்துக்கு ஒரு மேகம். விறுவிறுவென்று திரும்பி வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தோலின் மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி, வேண்டாம்."

"ஏன் அய்யா?"

"காடெல்லாம் பருத்தி வெடிச்சுக் கெடக்கு, இப்ப மழ விழுந்தா அம்புட்டும் போச்சு. எடுத்து முடிக்கட்டும், சொல்லி விடுதேன்."

காலை மெதுவாகக் கீழே வைத்தேன். அவர் சொல்லி அனுப்பப் பதினாறு நாள் ஆனது. அதற்குள் வந்த மூன்று கல்யாணத்துக்கும் இரவல் டிரம்மோடுதான் போனேன்.